பெத்தம்மாள் காய்ச்சிய தண்ணீர்

தண்ணீர் காய்ச்சுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் புக்கிட் தெராப் தோட்டத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். பெத்தம்மாள் காதில் விழும்படி கேட்டவர்கள்தான் குறைவு. அப்படிக் கேட்ட ஒருத்தியை அவள் அடுப்படிக்கே இழுத்துக்கொண்டு போய், "இந்தா, நீ ஒரு நாளைக்கு இந்தப் பொகையத் தின்னு பாரு லா, அப்புறம் பேசு" என்று ஊதுகுழலைக் கையில் திணித்துவிட்டாள். வாய் அவளுக்குக் காரம். கை அப்படி இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மலாக்கா பக்கம், ஜாசினிலிருந்து செர்காமுக்குப் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளிக் கிடந்த தோட்டம் அது. அவசரகாலம் வந்ததும், காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிற கலகக்காரர்களுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று, அங்கொன்றும் இங்கொன்றுமாய் இருந்த லயங்களை, கூலிகள் குடியிருக்கிற வரிசை வீடுகளை, பிரித்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். ஒரே வாசல், வாசலில் காவல். ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்களின் வாளியைக் கவிழ்த்துப் பார்த்து, ஒரு பிடி சோறுகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் வெளியே விடுவார்கள். தண்ணீர் மட்டும் கொண்டு போகலாம். இத்தனை சனத்தை ஒரே வேலிக்குள் அடைத்த புண்ணியவான்கள், கிணறு எங்கே இருக்கிறது, கக்கூஸை எங்கே வெட்டுகிறோம் என்று பார்க்கவில்லை. இங்கே செருமினால் அங்கே கேட்கிற தூரத்தில் இரண்டையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கிணற்றுத் தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. மழை பிடித்துக்கொண்டதும் வீட்டுக்கு வீடு காய்ச்சல் வந்தது. விஷக்காய்ச்சல் என்றார்கள் சனங்கள். டைபாய்டு என்றார் தோட்டத்து மருந்துக்காரர். ஒரு நாளும் உடம்புக்கு முடியவில்லை என்று வீட்டில் தங்காத தம்புசாமி, படுத்த பாயிலேயே கிடந்து செத்துப்போனான்.

அவன் செத்த பிறகுதான் மலாக்காவிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் சிவசாமி வந்தார். தெங்கேராவில் குடியிருக்கிற மனுஷர். முட்டிவரை இழுத்துவிட்ட காலுறை, சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த முகம். ஒரு சீசாவைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கித் தண்ணீர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார். சில நாள் கழித்துத் திரும்பி வந்தவர் நேரே தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குப் போனார். போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. தண்ணீரில் மனிதக் கழிவு கலந்திருக்கிறது, இனி இதைக் குடிக்கக் கொடுத்தால் கம்பெனி கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும் என்றார். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லாரையும் ஒரே வேலிக்குள் போடச் சொன்னதும் கவர்மெண்டு, இப்போது கிணற்றை மூடச் சொல்வதும் கவர்மெண்டா என்று கத்தினார். "ஆமாம்" என்றார் சிவசாமி. அவ்வளவுதான் பதில்.

உத்தரவு இதுதான். கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டும். குழாய் வருகிறவரைக்கும், குடிக்கிற தண்ணீரைக் கம்பெனியே தன் செலவில் காய்ச்சி எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். சுகாதார இலாகா மறுபடி வந்து சோதிக்கும். அப்போதும் கெட்டுப்போயிருந்தால் லயத்தையே காலி செய்து, சனத்தை வேறு வேறு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பிவிடும். லயம் காலி என்றால் யாருக்கும் சம்மதமில்லை. உறவும் பழக்கமும் எல்லாம் இந்த வேலிக்குள்தான் இருந்தது.

காய்ச்ச ஆள் வேண்டுமே! தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி காளிதாஸ் பெத்தம்மாளைக் கூப்பிட்டார். மரத்தடியில் வழுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டதிலிருந்து அவளால் மேட்டில் ஏறிப் பால்வெட்ட முடியவில்லை. வேலை இல்லாதவளுக்கு லயத்தில் அறை இல்லை, அரிசிக் கார்டும் இல்லை. அதனால் கிராணி சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள். வெளியே வந்து, "பெரிய கலெக்டர் உத்தியோகம் குடுத்த மாதிரி மீசையத் தடவுறாரு" என்று சொன்னது வேறு விஷயம்.

இப்போது அந்தக் கையைப் பற்றிச் சொல்லவேண்டும். பெத்தம்மாளுக்குப் பிறந்த பிள்ளை எதுவும் தங்கவில்லை. புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆனால் லயத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அதைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான். காலை நீட்டி உட்கார்ந்து, பச்சைக் குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு, சுடுதண்ணீரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவி, புறங்கையை வைத்துப் பார்ப்பாள். அவள் விளாவிய தண்ணீர் பட்டு எந்தக் குழந்தையும் வீரிட்டு அழுததில்லை. பக்கத்து அறைச் சுப்பம்மாவின் மகள் மங்களம் பிறந்தபோதும் அவள்தான் குளிப்பாட்டினாள். மங்களத்துக்கு இப்போது எட்டு வயது. "பெரியம்மா, பெரியம்மா" என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரியும்.

பொழுது விடிவதற்கு முன் பெரட்டு. வேலைக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற நேரத்துக்கு அதுதான் பெயர். பெரட்டு முடிந்ததும் ஆளாளுக்குப் போத்தலோடு பெத்தம்மாளின் கொட்டகைக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் இரண்டு பெரிய பீப்பாய்த் தண்ணீர் கொதித்திருக்க வேண்டும். அவளும் விடவில்லை. பால்மர விறகு புகைந்து கண்ணைக் கரித்தாலும், தண்ணீர் தளதளவென்று பொங்கிப் புரளாமல் ஒரு சொட்டு வெளியே எடுக்கமாட்டாள். அவசரப்படுகிறவர்களை, "போ, போய்க் காத்துக் கெட. உசுரு அவசரமா, வேலை அவசரமா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள்.

இத்தனை செய்தும் காய்ச்சல் நிற்கவில்லை. குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஒரு வாரம் கிழக்கு லயத்தில் ஒரு ஆள், அடுத்த வாரம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக் கொட்டகையில் இரண்டு பிள்ளைகள். அப்புறம் மங்களம் படுத்தாள். கண் செருகிப் பிதற்ற ஆரம்பித்ததும் லோரியில் போட்டு மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சுப்பம்மா மகளை மடியில் கிடத்திக்கொண்டு பின்னாலேயே ஏறிப் போய்விட்டாள். லோரி வாசலைத் தாண்டும்வரை பெத்தம்மாள் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை.

அந்த வாரமே சிவசாமி வந்து, பெத்தம்மாள் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற தொட்டியிலிருந்து சீசாவில் பிடித்துக்கொண்டு போனார். முடிவு வந்தது. தண்ணீர் கெட்டுத்தான் இருந்தது.

கிராணி காளிதாஸ் தாம்தூம் என்று குதித்தார். எல்லார் முன்னாலும் அவளை ஆபீஸ் வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"வாராவாரம் லோரி நெறைய வெறகு வருது. காய்ச்சுன தண்ணி எப்படி லா கெட்டுப்போகும்? நீ காய்ச்சவே இல்ல. வெறகு எங்க போகுது? வேலிக்கு அந்தப் பக்கம் போகுதா?"

வேலிக்கு அந்தப் பக்கம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரியும். காட்டுக்காரர்களுக்கு உதவி செய்தாள் என்று ஒரு வார்த்தை போலீஸ் காதில் விழுந்தால் போதும், ஆளை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் விசாரணையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் பெத்தம்மாளை அது சுடவில்லை. அவளைச் சுட்டது வேறு.

"கிராணி ஐயா, போலீஸ் மாத்தாவக் கூப்புடணும்னா கூப்புடுங்க. நான் காய்ச்சாத தண்ணிய மங்களத்துக்குக் குடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள்.

சிவசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கிராணியின் ஆளும் இல்லை, அவளுடைய ஆளும் இல்லை. "நாளைக்குக் காலையில நான் பக்கத்துல இருந்து பாக்கறேன். அதுக்கப்புறம் யாரு என்ன செய்யணுமோ செய்யலாம்" என்றார். ஊரடங்கு நேரத்தில் சாலையில் வர முடியாது என்பதால் கிராணி வீட்டிலேயே தங்கிக்கொண்டார்.

மறுநாள் விடிகாலையில் கொட்டகைக்கு வந்து, ஒரு பலகையில் உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாக அவளைப் பார்த்தார். பெத்தம்மாள் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விறகை அடுக்கினாள், ஊதினாள், இருமினாள். தண்ணீர் கொதித்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார். ஆவி முகத்தில் அடித்துக் கண்ணாடி மூடிக்கொண்டது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் கொதித்தது. இதற்கு மேல் ஒரு தண்ணீரைக் காய்ச்ச யாராலும் முடியாது.

அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வயதில் மூத்த ஒரு பொம்பளையைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று தோன்றியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சரிம்மா. நீங்க நல்லாத்தான் காய்ச்சறீங்க. தப்பு வேற எங்கயோ இருக்கு" என்றார்.

பெத்தம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எதையும் கொடுப்பாள். "உக்காருங்க ஐயா. விடியாததுலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாம நிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள். ஒரு நிமிஷத்தில் பளபளவென்று துலக்கிய பித்தளை டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். தொண்டை வறண்டு போயிருந்த மனுஷர் மடமடவென்று குடித்தார். இதமான சூடு. தொண்டைக்கு என்ன சுகம்!

பாதி டம்ளரில் நிறுத்தினார்.

பீப்பாய் இன்னும் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்தது. டம்ளர் கையைச் சுடவில்லை.

"அம்மா, இது இப்பக் கொதிச்ச தண்ணிதானே?"

"ஆமாங்க ஐயா."

"இவ்வளவு சீக்கிரம் எப்படி ஆறுச்சு?"

பெத்தம்மாளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவர் இப்படிக் கேட்கிறாரே என்று சிரிப்புக்கூட வந்தது. "கொதிக்கக் கொதிக்கவா குடுப்பாங்க? நாக்கு வெந்துறாது? வெளாவித்தான் கொண்டாந்தேன்" என்றாள். சொல்லிக்கொண்டே அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த வாளியைக் காட்டினாள். விளக்குவதற்கும் கழுவுவதற்கும் என்று இறைத்து வைத்த கிணற்றுத் தண்ணீர், வாளி நிறைய இருந்தது.

"எல்லாருக்கும் இப்படித்தான் குடுப்பீங்களா?"

"போத்தலு வெடிச்சிருமுல்ல. புள்ளைங்க வேற வரும். புறங்கைய வெச்சுப் பாத்துத்தான் ஊத்துவேன், ஐயா. ஒருத்தருக்கும் சுட்டதில்ல."

சிவசாமி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் பெத்தம்மாளின் சிரிப்பு மெல்ல மெல்லப் போயிற்று. கிணற்றுத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொன்னார்கள். அவள் யாரையும் குடிக்க விடவில்லை. காய்ச்சச் சொன்னார்கள், காய்ச்சினாள். விளாவுவது என்பது கிணற்றுத் தண்ணீர் குடிப்பது என்று யாருக்குத் தோன்றும்? சுடுதண்ணீர் என்றாலே விளாவிய தண்ணீர்தானே? தாய் சொல்லித் தராமலே கைக்கு வருகிற காரியம் அல்லவா அது? வாளியைப் பார்த்தாள். பீப்பாயைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யோ, மங்களம்" என்றாள். அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம் அது.

அதற்குள் கிராணி வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன். கூலியாளோட கவனக்குறைவுன்னு எழுதிடுங்க, ஐயா. கம்பெனி மேல ஒண்ணும் இல்ல. இன்னிக்கே இவளக் கணக்குத் தீர்த்து அனுப்பிடறேன்."

சிவசாமி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"கிராணியாரே, உங்க வீட்டுல ராத்திரி எனக்குச் சுடுதண்ணி குடுத்தாங்களே, அது எப்படி அவ்வளவு பதமா இருந்துச்சு?"

மீசையைத் தடவிக்கொண்டிருந்த கையைக் காளிதாஸ் கீழே இறக்கினார்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான். போன மாசம் எனக்கே காய்ச்சல் வந்தப்ப, என் சம்சாரம் பாக்கியலட்சுமி வெளாவித்தான் மருந்துக்குத் தண்ணி குடுத்தா. நானும் குடிச்சேன். காய்ச்சணும்னு உத்தரவு போட்டது நான். காய்ச்சுன தண்ணி எதுல ஆறும், எவ்வளவு நேரம் ஆறும்னு நான் கேக்கல. தண்ணி நல்லா இருக்கணும்னு சட்டம் கேக்கறது கம்பெனியத்தான், அடுப்பு ஊதற அம்மாவ இல்ல."

அன்றே புது உத்தரவு எழுதினார். முதல் நாளே காய்ச்சி ஆறவைக்க, மூடி போட்டுக் கீழே குழாய் வைத்த இரண்டு இரும்புத் தொட்டி. கொட்டகைக்குள் கிணற்று வாளி நுழையக் கூடாது. ஒரு வாரத்தில் செய்யாவிட்டால் கோர்ட்டு. லயத்தைக் காலி செய்கிற பேச்சை அடுத்த சோதனைவரைக்கும் தள்ளிவைத்தார். துரை மறுபடியும் கத்தினார். தொட்டிகள் என்னவோ நாலாம் நாளே வந்துவிட்டன.

"நான் பெரட்டுல எல்லாருக்கும் எடுத்துச் சொல்றேன். உங்க பேரச் சொல்லமாட்டேன்" என்றார் சிவசாமி பெத்தம்மாளிடம்.

பெத்தம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னா, கவர்மெண்டு ஆளு ஏதோ சொல்லிட்டுப் போறாருன்னு வீட்டுக்குப் போயி வெளாவுவாளுங்க. நாஞ் சொல்லணும்" என்றாள்.

மறுநாள் பெரட்டில், முட்டி வலியோடு ஒரு கல்லின் மேல் ஏறி நின்றாள்.

"தண்ணி கெட்டது எங் கையால. காய்ச்சிட்டு, கெணத்துத் தண்ணிய ஊத்தி வெளாவிக் குடுத்தேன். உங்களுக்கும் குடுத்தேன், மங்களத்துக்கும் குடுத்தேன். தெரிஞ்சு செய்யல. ஆனா செஞ்சேன். நீங்களும் வீட்டுல வெளாவாதீங்க. ஆறட்டும். ஆறுனதுக்கப்புறம் குடிங்க."

அவளைத் திட்டுவார்கள் என்று கிராணி காத்திருந்தார். யாரும் திட்டவில்லை, ஒவ்வொரு பொம்பளையும் தன் வீட்டு அடுப்பை நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் அன்றைக்குத் தண்ணீர் வாங்க வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. ராத்திரி சோறு இறங்கவில்லை. வேலை போனால் போகட்டும், கார்டு போனால் போகட்டும். அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் சுப்பம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? இதே நினைப்புதான் அவளை அரித்தது.

பின்னால் நடந்ததெல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அடுத்த சீசாவில் தண்ணீர் சுத்தமாக வந்தது. லயம் காலியாகவில்லை. மழை முடிவதற்குள் காய்ச்சல் நின்றேவிட்டது. அவசரகாலம் முடிவதற்கு முன்னமே குழாயும் வந்தது. குழாய் வந்த பிறகும், யாராவது அழுக்குக் குவளையை அதன் அடியில் நீட்டினால் பெத்தம்மாள் தட்டிவிடுவாள். "இவ சிவசாமி ஐயாவையும் மிஞ்சிட்டா லா" என்று சனங்கள் கேலி செய்வார்கள். ஆனால் அதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. அவளுடைய தீர்ப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்தது.

பாசாருக்குச் சாமான் வாங்கப் போய்த் திரும்பிய ஆட்களோடு சுப்பம்மாவும் வாசலில் இறங்கினாள். இடுப்பில் மங்களம். எட்டு வயதுப் பிள்ளை இடுப்பில் உட்காருகிற அளவுக்கு மெலிந்திருந்தது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கண் மட்டும் பெரிதாக, பழைய கண்ணாக இருந்தது. காவலில் நின்றவர்கள்கூடச் சோதனை போடாமல் விட்டுவிட்டார்கள்.

சுப்பம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பஸ்ஸிலேயே சொல்லியிருப்பார்கள், நம் சனம் அதற்கெல்லாம் நேரம் கடத்துமா? அவள் தன் வீட்டுக் கதவைத் தாண்டி நேரே கொட்டகைக்கு நடந்தாள். லயத்துப் பொம்பளைகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெத்தம்மாள் எழுந்து நின்றாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தொட்டியைப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள் சுப்பம்மா. "புள்ளைக்குத் தாகமா இருக்காம்."

"சுப்பு... நீ வீட்டுலயே குடுத்துரு. எங் கையால வேணாம்."

"வீட்டுல எந்தத் தண்ணி இருக்கு? காய்ச்சல்ல கெடந்தவளுக்கு நானுந்தான் ராவும் பகலும் வெளாவி வெளாவிக் குடுத்தேன். ஒங் கையி, எங் கையின்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல. நீ குடு."

பெத்தம்மாள் அழுதுவிட்டாள். மறைக்கவில்லை, எல்லாருக்கும் தெரிய, சிறுபிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். டம்ளரைக் கொதிக்கிற தண்ணீரில் அலசிக் கவிழ்த்தாள். தொட்டியின் குழாயைத் திறந்து, நேற்றுக் காய்ச்சி ஆறிய தண்ணீரைப் பிடித்து மங்களத்தின் வாயில் வைத்தாள். கொஞ்சம் பிள்ளையின் சட்டையில் சிந்தியது.

மங்களம் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சப்புன்னு இருக்கு, பெரியம்மா."

சுற்றி நின்ற பொம்பளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சுப்பம்மாவும் சிரித்தாள்.

"சப்புன்னுதான் இருக்கும். பேசாம குடிடி" என்றாள் பெத்தம்மாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மங்களம் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று நீட்டினாள்.